காட்டுக்காக ஆட்சேபனை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் இளைஞர்கள் நாலைந்து பேர் என்னிடம் ஒரு ஃபைலை நீட்டினார்கள். நகராட்சிக் காட்டின் ஓரமாக வரப்போகும் சாலைக்கு எதிராக இருநூறு கையெழுத்து. "யார்கிட்ட குடுத்தீங்க தம்பி?" என்று கேட்டேன். "கவுன்சிலர் ஆபீஸ்ல குடுத்துட்டோம் அங்கிள்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். மரியாதையாக எழுதுங்கள், கெடு தேதியைப் பாருங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறு.

கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைப்பது

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு காடு இருந்தது. உம்டோனி மரங்கள் நிறைய. நம்ம நாவல் மரத்துக்குச் சொந்தம். பழம் விழுந்தால் தரையெல்லாம் ஊதாக் கறை. அதை அழித்துக் கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் நாலு ஞாயிற்றுக்கிழமை வீடுவீடாக ஏறி இறங்கினோம். 412 கையெழுத்து. கவுன்சிலர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

அந்தத் தாள் போய்ச் சேரவேண்டிய இடம் அது இல்லை. 2014-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின்படி, திட்டத்துக்கு அனுமதி கேட்பவர் ஒரு பதிவேட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நடைமுறையில் அதை வைத்திருப்பவர், திட்டத்தால் என்ன பாதிப்பு வரும் என்று அறிக்கை எழுதும் மதிப்பீட்டு ஆலோசகர். எழுத்தில் கருத்துக் கொடுத்தவர், கூட்டத்துக்கு வந்தவர், என் பெயரைச் சேர்த்துக்கொள் என்று எழுதிக் கேட்டவர் பெயரெல்லாம் அதில் ஏறும். முடிவு வந்தால் 14 நாளுக்குள் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 20 நாள். எங்கள் தாள் ஆலோசகர் கைக்குப் போகவே இல்லை. அவர் எழுதிய அறிக்கையின் பின்னிணைப்பில் கருத்துச் சொன்னவர்கள் என்று மூன்றே பேர்.

ஒரு காலையில் ரம்பச் சத்தம் கேட்டு ஓடினேன். பெரிய உம்டோனி ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டிய முகம் ஈரம் காயவில்லை, இலைகளெல்லாம் இன்னும் பச்சையாகவே இருந்தன. மேஸ்திரி அனுமதிக் கடிதத்தின் நகலைக் காட்டினார். தேதியைப் பார்த்தேன். 20 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி மனு போட்டோம், கிடைக்கவில்லை.

அந்த 20 நாளுக்குள் மேல்முறையீடு போட்டிருந்தால், 1998-ஆம் ஆண்டின் தேசிய சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டப்படி அந்த மேல்முறையீடே அனுமதியை நிறுத்தி வைத்திருக்கும். ரம்பம் வந்திருக்காது. ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும். இன்றைக்கும் அந்த வளைவில் கார் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆகவே முதல் நாளே ஆலோசகருக்கு எழுதுங்கள். உங்கள் பெயர், முகவரி, திட்டத்தின் எண், "பதிவேட்டில் என்னைச் சேர்க்கவும்" என்ற ஒரு வரி. திட்டத்தால் உங்களுக்கு நேரடியாக ஏதாவது லாபமோ நஷ்டமோ உண்டென்றால் அதையும் சொல்லிவிட வேண்டும், விதி அப்படி. கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாதீர்கள். நானூறு கையெழுத்துள்ள ஒரு மனுவைவிட இருபது பேர் தனித்தனியாக எழுதிய இருபது கடிதம் மேல்.

'காடு எங்கள் உயிர்' என்று மட்டும் எழுதுவது

உண்மைதான். ஆனால் அதற்கு ஆலோசகர் "குறித்துக்கொண்டோம்" என்று பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்.

அறிக்கைக்காகத் தவளைகளை எந்த மாதம் தேடினார்கள்? நம்ம ஊரில் ஜூன் என்றால் குளிர்காலம், மழையும் இல்லை. எங்கள் குவாஸுலு-நட்டால் மாகாணத்தின் கரையோரச் சதுப்புகளில் மட்டுமே வாழும் பிக்கர்ஸ்கில் நாணல் தவளை கத்துவது கோடை மழையில். ஜூனில் போய்ப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினால் அது கணக்கில் சேராது.

திட்டமே வேண்டாம் என்ற மாற்றையும் அறிக்கை எடைபோட்டிருக்கிறதா? வெள்ளைப் பால்மரம் வெட்டுப்படுமா? 1998 தேசியக் காடுகள் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட மரம். சுற்றுச்சூழல் அனுமதி கையில் இருந்தாலும் தனி உரிமம் வேண்டும். யார் வாங்கினார்கள், எப்போது?

வேலியைப் பார்க்காமல் போவது

திட்டம் வரும் இடத்தின் வேலியில் மாட்டும் அறிவிப்புப் பலகைக்குச் சட்டம் கேட்பது 60-க்கு 42 சென்டிமீட்டர்தான். நின்று படியுங்கள், படம் எடுங்கள்.

டிசம்பர் கணக்கு

கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை அதில் சேராது.

கூட்டத்தில் பேசிவிட்டு எழுந்து போவது

வருகைத் தாளில் பெயர் எழுதாமல் வெளியே வராதீர்கள்.

பெரியவர்களை விட்டுவிடுவது

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கருத்துச் சொல்ல மாற்று வழி செய்து தரவேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த மண்டபத்தில் ஓர் ஆயா மூலையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். 1987 செப்டம்பர் வெள்ளத்தில் ஓடைத் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கையால் காட்டினார். சாலை வரைபடத்தின் வெள்ளக் கோடு அதற்கு ரொம்பக் கீழே. பேரன் அவர் சொல்லச் சொல்ல செல்போனில் எழுதி, படியையும் படம் எடுத்துச் சேர்த்து, அன்று இரவே ஆலோசகருக்கு அனுப்பினான். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.