வால்டேரின் ‘தத்துவ அகராதி’யை வாசிக்கும் முறை

‘அகராதி’ என்ற பெயரைக் கண்டு, சொல்லுக்குப் பொருள் தேடும் ஏடு என்று பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் இந்த நூலை எண்ணிவிட வேண்டாம். 1764இல் ஜெனீவாவில் அச்சாகி, முகப்பில் லண்டன் என்ற பொய்யான ஊர்ப்பெயரோடும் ஆசிரியர் பெயர் இல்லாமலும் வெளிவந்த இது, அகரவரிசையில் அடுக்கிய 73 கட்டுரைகளின் தொகுப்பு. அவற்றுள் பெரும்பாலானவை திருச்சபையைக் குத்துவதற்கென்றே எழுதப்பட்டவை. இருபது பெருந்தொகுதிகள் ஒருநாளும் புரட்சியை உண்டாக்கமாட்டா, முப்பது சூ (அக்காலப் பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விலையுள்ள சிறு நூல்களே அஞ்சத்தக்கவை என்று 1766இல் தம் நண்பரான பிரெஞ்சு அறிஞர் தாலம்பேருக்கு எழுதிய கடிதத்தில் வால்டேரே சொல்கிறார். ஆகவே வரிசைப்படி படிக்கத் தேவையில்லை. விரும்பிய இடத்தில் திறந்து படிக்கலாம்.

அதற்குமுன், கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்வது அவசியம். வால்டேர் நூலைத் தொடர்ந்து பெருக்கிக்கொண்டே போனதால் 1769ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டுரைகள் 118 ஆயின. அவர் 1778இல் இறந்த பிறகு ஜெர்மனியின் கேல் நகரப் பதிப்பாளர்கள் அவருடைய வேறு எழுத்துகளையும் இதே தலைப்பின்கீழ்ச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் பிரதியில் ‘யூதர்கள்’ என்ற நீண்ட கட்டுரை இருந்தால், அது அந்தக் கலவையின் வழிவந்த பிரதி என்று அறியலாம். ஏனெனில் அதன் முக்கியப் பகுதி 1756இலேயே வெளிவந்தது. 1764ஆம் ஆண்டு நூலில் அது இல்லை.

தொடக்கத்திற்கு ‘மதவெறி’, ‘சகிப்புத்தன்மை’, ‘ஜப்பானியரின் வினாவிடை’ ஆகிய மூன்றும் ஏற்றவை. மூன்றாவதை மெதுவாகப் படிக்க வேண்டும். அதில் ஓர் இந்தியரும் ஒரு ஜப்பானியரும் சமையற்காரர்களின் சண்டையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஜப்பான் என்பது இங்கிலாந்து, சமையல் என்பது மதம். பெயர்களின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் ஆட்கள் வெளிப்படுவார்கள்: ‘தெர்லு’ லூத்தர், ‘வேன்கால்’ கால்வின், ‘பிஸ்பாத்’ என்போர் போப்பைப் பின்பற்றுவோர். இந்த ஒளிவுமறைவை வெறும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாகாது. நூல் வெளிவந்த ஆண்டிலேயே ஜெனீவா அதை எரித்தது. மறு ஆண்டு பாரிஸ் பார்லெமான் என்ற உயர் நீதிமன்றம் கண்டனத் தீர்ப்பளித்தது. 1766இல் அபேவில் நகரில் தெய்வ நிந்தனைக் குற்றத்திற்காகத் தலை வெட்டப்பட்ட லா பார் என்ற இளைஞரின் உடலோடு இந்நூலின் பிரதி ஒன்றும் தீயிலிடப்பட்டது. வால்டேரோ நூல் தம்முடையதல்ல என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

இனி, வாசிப்பில் கடினமான பகுதிக்கு வருவோம். ஒவ்வொரு கேலியிலும் அடி யார்மேல் விழுகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். இதைக் கற்க, 1734இல் பிரான்சில் வெளிவந்த அவருடைய ‘தத்துவக் கடிதங்க’ளில் லண்டன் பங்குச்சந்தை பற்றிய பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். யூதரும் முகமதியரும் கிறித்தவரும் அங்கே ஒரே மதத்தினர்போலக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள், திவாலானவனை மட்டுமே ‘நம்பிக்கையற்றவன்’ என்கிறார்கள் என்று அவர் எழுதும்போது, அடி சமயக் காவலர்மேல் விழுகிறது. யூதர் மற்றவரோடு சமமாக நிற்கிறார். ‘யூதர்கள்’ கட்டுரையிலோ அதே பேனா ஒரு மக்கள்கூட்டம் முழுவதையும் அறியாமையும் காட்டுமிராண்டித்தனமும் இழிந்த பேராசையும் கொண்டதென்று இகழ்ந்துவிட்டு, ‘ஆயினும் அவர்களை எரித்துவிடக் கூடாது’ என்று முடிகிறது.

பழைய ஏற்பாட்டைத் தாக்கினால் திருச்சபையின் அடித்தளம் ஆடும் என்பதற்காகவே அவர் யூதரைத் தாக்கினார் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1761இல், யூதரை எரிப்பதைக் கண்டித்து ஒரு ரபியின் (யூத மதகுருவின்) பிரசங்கமாகவே அவர் எழுதியதையும் மறக்கக் கூடாது. எனினும் அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. பேராசைக்காரர் என்ற வசை மோசேயின் நூல்களைப் பற்றியதல்லவே. அவர் காலத்தில் வாழ்ந்த மனிதர்களைப் பற்றியது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஐசக் த பின்ட்டோ என்ற யூத அறிஞர் 1762இல் மறுப்பு எழுதியபோது, அந்த வரிகள் கடுமையும் அநீதியும் உடையவை என்று வால்டேர் ஒப்புக்கொண்டார், திருத்துவதாக வாக்கும் தந்தார், ஆனால் திருத்தவில்லை. அக்கடிதத்தில் ‘கிறித்தவர்’ என்று அவர் கையொப்பமிட்டிருப்பது பணிவா பரிகாசமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

மேற்கோள்களில் எச்சரிக்கை தேவை. நம் மேடைகளிலும் அவர் பெயரால் ஒலிக்கும் ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பது, 1906இல் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் வால்டேரைப் பற்றிய தம் நூலில் எழுதிய வாக்கியம். ‘கடவுள் இல்லாவிட்டால் அவரைப் படைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்’ என்ற வரி அவருடையதுதான். ஆனால் அது ஒரு நாத்திக நூலுக்கு எதிராக எழுதப்பட்டது.

இந்தியாவைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது அவருடைய ஆதாரத்தையும் சோதிக்க வேண்டும். ‘எசூர்வேதம்’ என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியை மோதாவ் என்ற அதிகாரி 1760இல் அவரிடம் தந்தார். அலெக்சாந்தருக்கும் முற்பட்ட பிராமண ஞானம் என்று அதை நம்பிய வால்டேர், மறு ஆண்டே அரசு நூலகத்திற்கு வழங்கியதோடு, விவிலியத்தின் தொன்மைக்கு எதிரான சாட்சியாகவும் அதைப் பயன்படுத்தினார். வியாசருக்குச் ‘சுமந்து’ என்ற முனிவர் உருவ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளை உபதேசிக்கும் அந்த நூல், உண்மையில் கிறித்தவ மறைப்பணியாளர் ஒருவரின் ஆக்கம். யார் எழுதியது என்பதில்தான் இன்னும் வழக்கு. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் புதுச்சேரியில் மறைப்பணியாளர்களின் சுவடிகளிடையே அதைக் கண்டார்; அவருடைய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1822இல் அச்சேறியது. பாதிரியார் எவரையும் நம்பாத வால்டேர், ஒரு பாதிரியாரின் எழுத்தை வேதமென்று நம்பியிருந்தார்.