சின்ன இடிதானே? இன்சூரன்ஸில் கோட்டை விடும் இடங்கள்

பின்னால் வந்த கார் மெதுவாக முட்டியது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்டார், நீங்களும் பரவாயில்லை என்று கிளம்பிவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்து டிக்கி சரியாக மூடவில்லை. ரிவர்ஸ் எடுத்தால் சென்சார் விடாமல் கத்துகிறது. இப்போது அவர் பெயரும் தெரியாது, வண்டி எண்ணும் கையில் இல்லை.

பம்பரின் வெளித்தோல் பிளாஸ்டிக். அமுங்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் நுரைப்பட்டை, அதன் பின்னால் உள்ள உலோகச் சட்டம், கிளிப்புகள், சென்சாரைப் பிடித்திருக்கும் தாங்கி இவையெல்லாம் அப்படித் திரும்புவதில்லை. அதனால் சேதம் சின்னது என்று சாலையோரத்தில் நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகு போடுகிற எஸ்டிமேட்தான் எஸ்டிமேட். முதலில் கொடுத்ததைவிடக் கூடுதலாக ஏதாவது தெரியவந்தால், வேலையைத் தொடரும் முன் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

போட்டோ எடுக்கும்போது எல்லாரும் கீறலுக்குக் கிட்டே போய்விடுகிறார்கள். தள்ளி நின்று எடுத்ததுதான் பிறகு பேசும்: இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, நம்பர் பிளேட்டுகள், சிக்னல், சாலைக் கோடுகள். மெசேஜ் ஆப்பில் அனுப்பினால் படத்தோடு பதிவான நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்துவிடும். மூலப்படத்தைப் போனிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது, நான் கிளெய்ம் (இழப்பீடு) கேட்கப் போவதில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. தகவல் சொல்வது வேறு, கிளெய்ம் கேட்பது வேறு. எந்த விபத்தானாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கும். நீங்கள் மறந்துபோன பிறகு எதிர்த்தரப்பு உங்கள்மேல் கிளெய்ம் போட்டால், ஏன் சொல்லவில்லை என்பதே முதல் கேள்வியாக வரும். போன் செய்யும்போது, இது தகவலுக்கு மட்டும், பழுதுச் செலவு கேட்கவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிப் பதிவு செய்தால் அடுத்த பிரீமியம் மாறுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பேச்சில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பதற்றத்தில் "என் தப்புதான்" என்று சொல்லிவிடுவோம். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்று பல பாலிசிகளில் எழுதியே இருக்கிறது. எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டால், தெரியாதபோது ஒரு எண்ணை ஊகித்துச் சொல்ல வேண்டாம். "தெரியவில்லை" என்பதும் பதில்தான். அடி ஏதும் பட்டதா என்றால், ஒன்றுமே இல்லை என்பதற்குப் பதில் "இப்போதைக்கு வலி தெரியவில்லை" என்று சொல்லுங்கள். கழுத்து வலி சில சமயம் மறுநாள் காலையில்தான் தலைகாட்டும். எதிர்த்தரப்பு நிறுவனத்திலிருந்து யாராவது கூப்பிட்டு வாக்குமூலம் பதிவு செய்யலாமா என்றால், முதலில் உங்கள் நிறுவனத்திடம் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்குள் பழுது பார்த்துவிடுவது இன்னொரு தவறு. கழற்றிய பாகங்களையும் தூக்கிப் போட வேண்டாம். அதற்காக ரேடியேட்டர் ஒழுகும் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அதனால் என்ஜின் கெட்டால், அது விபத்தில் வந்த சேதம் இல்லை என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். கூடவே, "அந்தப் பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துவிடலாம்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். துருவும் கீறலுக்குள் படிந்த தூசியும் இடிபட்ட உயரமும் சர்வேயருக்கு வயதைச் சொல்லிவிடும். உண்மையான கிளெய்மும் சேர்ந்து போய்விடும்.

சரி, கணக்குக்கு வருவோம். பழுதுக்கு 10,000 ஆகிறது என்று வையுங்கள். நீங்களே ஏற்க வேண்டிய தொகை 2,000, பாகங்களின் தேய்மானம் 1,500 என்றால் கையில் வருவது 6,500. அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி 20,000, அதில் 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) போகிறது என்றால் இழப்பு 4,000. போனஸ் மறுபடி ஏறச் சில ஆண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஆனால் இந்தக் கணக்கு உங்கள் வண்டிக்கு மட்டும். வேறொருவருக்குக் காயமோ, அவர் பொருளுக்குச் சேதமோ என்றால் கணக்குப் பார்க்காமல் உடனே தெரிவிக்க வேண்டியதுதான்.

செக் வந்துவிட்டதே என்று அதனுடன் வரும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்று இருந்தால், பிறகு தெரியவரும் சேதத்துக்குப் பொதுவாக எதுவும் கேட்க முடியாது. வேலை முடிந்து, வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கிளெய்ம் எண், பேசியவர் பெயர், தேதி மூன்றையும் குறித்துவையுங்கள். போனில் பேசி முடித்ததும் அதையே ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். மறுத்துவிட்டார்களா? எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் பாலிசியை எடுத்து அந்தப் பத்தியை முழுதாகப் படியுங்கள்; சில சமயம் விதிவிலக்கு அதற்கு அடுத்த வரியிலேயே இருக்கும்.