கைபேசி வாங்கும் முன் வீட்டுச் சிக்னலை அளந்து பாருங்கள்

"எந்த போன் வாங்கினால் நெட் வேகமாக வரும்?" என்று கேட்டு வரும் உறவினர்களும் நண்பர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறார்கள். தாங்கள் இருக்கும் இடத்திற்கு டவரிலிருந்து எவ்வளவு வேகம் வந்து சேர்கிறது என்பது ஒன்று. வந்து சேர்ந்ததைக் கைபேசி எவ்வளவு விரைவாகக் கையாண்டு திரையில் காட்டுகிறது என்பது மற்றொன்று. முதலாவது இடத்தையும் சிம்மையும் பொறுத்தது. இரண்டாவது புராசஸர், ரேம், சேமிப்பகம் ஆகியவற்றைப் பொறுத்தது. கடையில் நமக்குக் காட்டப்படுவது இரண்டாவது மட்டுமே என்பதால், முதலாவதில் உள்ள குறையைத் தீர்க்க இரண்டாவதற்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் என் சித்தியின் வீடு இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் சித்தி மகன், வீடியோ வகுப்பு அடிக்கடி நின்றுபோகிறது என்பதற்காக முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து ஒரு கைபேசி வாங்கினான். அதிலும் வகுப்பு நின்றுதான் போனது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறொரு நிறுவனத்தின் சிம்மை அரை மணி நேரம் இரவல் வாங்கி, அவனுடைய மூன்றாண்டுப் பழைய கைபேசியில் போட்டுப் பார்த்தோம். வகுப்பு தடையின்றி ஓடியது. அந்த அரை மணி நேரச் சோதனையை வாங்குவதற்கு முன்பே செய்திருந்தால் அந்தப் பணம் அவனுடைய படிப்புக்கு உதவியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று கண்டறிவது. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு கேலரி, கேமரா, தொடர்பு எண்கள் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். அவையும் தயங்கித் தயங்கித் திறந்தால் குறை கைபேசியில் இருக்கிறது. அவை உடனே திறந்து, இணையம் தேவைப்படும் செயலிகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தால், நல்ல வைஃபை இருக்கும் ஒரு வீட்டிற்குக் கைபேசியை எடுத்துச் சென்று அதே செயலிகளை இயக்கிப் பாருங்கள். அங்கே அவை விரைவாக இயங்கினால், உங்கள் கைபேசியில் குறையில்லை, நெட்வொர்க்கில்தான் இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

நெட்வொர்க்தான் காரணம் என்று தெரிந்தால், சிக்னல் கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறார்கள். சிக்னலின் வலிமையைச் சொல்லும் டிபிஎம் என்ற அளவோ எல்லாக் கைபேசிக்கும் பொது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில், அமைப்புகளுக்குள் கைபேசியைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பகுதியில், சிம் நிலை என்ற இடத்தில் இந்த எண் இருக்கும். இது எப்போதும் எதிர்மறை எண்ணாகவே வரும். 4ஜியில் -90 அல்லது அதைவிடச் சிறப்பாக, அதாவது -80 போல, இருந்தால் நல்ல சிக்னல். -100ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். -110க்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கைபேசியும் திணறும். வாசலில் நின்று ஒரு முறை, நீங்கள் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யும் உள்ளறையில் ஒரு முறை, கைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் இடத்தில் ஒரு முறை என்று அளவு எடுங்கள். கான்கிரீட் கூரையும் தடித்த சுவரும் உள்ள வீடுகளில் வாசலுக்கும் உள்ளறைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதைக் காண்பீர்கள்.

அளவு எடுக்கும் நேரமும் முக்கியம். காலை ஆறு மணிக்கு நன்றாக இருக்கும் வேகம் இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் சரிந்துவிட்டு, டிபிஎம் எண் மட்டும் மாறாமல் இருக்குமானால், அது சிக்னல் குறைவு அல்ல, டவரில் ஏற்படும் நெரிசல். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே டவரிலிருந்து இழுக்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. இந்த நெரிசலைப் புராசஸரால் தீர்க்க முடியாது. ஆனால் கூடுதலான அலைவரிசைகளைக் கேட்கக்கூடிய மோடம், அதாவது கைபேசிக்குள் டவரோடு பேசும் பகுதி, ஓரளவு தீர்க்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் உத்தரவின்படி தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் சேவை கிடைக்கும் பகுதிகளின் வரைபடங்களை வெளியிடுகின்றன. எந்த நிறுவனத்தின் சிம்மைச் சோதித்துப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க அவை உதவும். உள்ளறையின் நிலையை அவை சொல்லாது.

இந்தச் சோதனையில் வேறொரு நிறுவனம் உங்கள் வீட்டில் தெளிவாகச் சிறந்தது என்று தெரிந்தால், கைபேசியை மாற்றும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சிம்மை மாற்றுங்கள். அதே எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறும் வசதி இந்தியா முழுவதும் இருக்கிறது. போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் உங்கள் எண்ணையும் தட்டச்சு செய்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வந்துவிடும். மாறிய பிறகு 90 நாட்கள் கழிந்தால்தான் மறுபடியும் மாற முடியும் என்பதால், நேரடியாக மாறுவதைவிட, இரண்டாவது சிம்மாக ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு மாறுவது நல்லது. கைபேசியை வாங்கியபின் அதன் மோடத்தை மாற்ற முடியாது, சிம்மை மாற்ற முடியும். இந்த வரிசையில் முடிவெடுக்க நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நிறுவனம் முடிவான பிறகு, கைபேசியின் அலைவரிசைப் பட்டியலுக்கு வாருங்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் பேசாத பகுதி இது; நானோ இதையே முதலில் பார்ப்பேன். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. பட்டியலில் இவை பி5, பி3, பி40 என்று இருக்கும். ஏர்டெல்லுக்கு பி1, பி3, பி8, பி40 ஆகியவை தேவை. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அது 700 மெகாஹெர்ட்ஸையும் 2100 மெகாஹெர்ட்ஸையும், அதாவது பி28, பி1 ஆகியவற்றைச் சார்ந்திருக்கிறது. பி28 இல்லாத பழைய கைபேசியில் பி.எஸ்.என்.எல். சிம்மைப் போட்டுவிட்டு, டவர் அருகில் இருந்தும் 4ஜி வரவில்லையே என்று குறைப்படுவதில் பயனில்லை. அந்தக் கைபேசியால் அந்த அலையைக் கேட்கவே முடியாது.

மெகாஹெர்ட்ஸ் எண் சிறிய அலைவரிசை தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு கடக்கும். மெகாஹெர்ட்ஸ் எண் பெரிய அலைவரிசையில் அதிக வேகம் தரக்கூடிய அகலமான இடம் இருக்கும், ஆனால் அது சுவரில் தேய்ந்துவிடும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் 5ஜி விளம்பரங்கள் பாதி தெளிந்துவிடும். 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் தொடங்கிய 5ஜிக்கு முதன்மையானது 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதி, பட்டியலில் என்78. 4ஜியில் ஓர் அலையின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ்தான். என்78இல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை விரிக்கலாம். பெரும் வேகம் வருவது அந்த அகலத்தால்தான். ஜியோ 700 மெகாஹெர்ட்ஸிலும், அதாவது என்28இலும், 5ஜி தருகிறது. ஆனால் அங்கே அதற்கு இருப்பது 10 மெகாஹெர்ட்ஸ் அகலம். எனவே வீட்டின் உள்ளறையில் திரையில் 5ஜி என்று எழுதியிருந்தும் வேகம் 4ஜியைப் போலவே இருந்தால் வியக்க வேண்டியதில்லை. உள்ளறையில் தொடர்பு அறுந்துபோகாமல் வைத்திருப்பதே என்28இன் பயன். அதற்காகவே அதைப் பட்டியலில் தேடுங்கள்.

5ஜியில் இன்னொரு பிரிவும் உண்டு. ஜியோ தொடக்கத்திலிருந்தே 4ஜியின் துணையின்றித் தனித்து இயங்கும் எஸ்ஏ முறையைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல் 4ஜியின் மேல் 5ஜியை ஏற்றும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி கைபேசி எஸ்ஏ முறையை மட்டுமே ஏற்பது என்பதால், அப்போது அதில் ஜியோவின் 5ஜி கிடைத்தது, ஏர்டெல்லின் 5ஜி கிடைக்கவில்லை. பெட்டியின் மேல் 5ஜி என்று அச்சிட்டிருப்பது உங்கள் சிம்முக்கு 5ஜி வரும் என்பதற்கு உறுதியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பத்தாயிரத்துக்குள் வாங்குவோர் இரண்டு முறைகளும் உள்ளனவா என்று தயாரிப்பாளரின் இணையதளத்திலேயே அந்த மாடலின் இந்தியப் பதிப்பைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.

ஆனால் இவ்வளவு வேகம் நமக்கு வேண்டுமா என்பதையும் கேட்டாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. 4கே தரத்துக்கு 15 என்கிறது. யூபிஐ பரிமாற்றத்துக்கும் வாட்ஸ்ஆப் செய்திக்கும் தேவைப்படும் தரவு மிகச் சொற்பம். அவற்றுக்கு வேண்டியது அறுபடாத தொடர்பு. வீட்டில் எந்த நேரத்திலும் 20 எம்பிபிஎஸ் குறையாமல் வருகிறது என்றால், அதை 300 ஆக்குவதற்காகக் கைபேசி மாற்றுவதில் நான் பொருள் காணவில்லை. பெரிய காணொளிகளை அன்றாடம் பதிவேற்றுபவர்கள், கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து வேலை செய்பவர்கள், வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லாதவர்கள் ஆகியோருக்குத்தான் அந்தக் கூடுதல் வேகம் உண்மையில் பயன்படும். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் வரம்பில்லா 5ஜி தரவு, நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களோடு கட்டப்பட்டுவிட்டதால், ரீசார்ஜ் செலவையும் கைபேசி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

நெட்வொர்க் போதுமானதாக இருக்கும் வீட்டில், பணம் முழுவதையும் வன்பொருளில் இடுங்கள். அங்கும் நான் புராசஸருக்கு முன் சேமிப்பகத்தின் வகையைப் பார்ப்பேன். விலை குறைந்த கைபேசிகளில் இஎம்எம்சி வகை நினைவகம் இருக்கும். அதற்கு மேல் யூஎஃப்எஸ் 2.2, 3.1 என்று வரும். இஎம்எம்சி 5.1இன் உச்ச வரம்பு நொடிக்கு 400 மெகாபைட், யூஎஃப்எஸ் 2.2இன் வரம்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. மேலும் இஎம்எம்சியால் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது, யூஎஃப்எஸ்ஸால் முடியும். பின்னணியில் ஒரு செயலி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது கடையில் பணம் செலுத்தும் செயலி திறக்க மறுக்கிறதே, அதை நாம் "நெட் ஸ்லோ" என்கிறோம். பல நேரங்களில் அது சேமிப்பகத்தின் திணறல்தான்.

ரேமைப் பொறுத்தவரை, இன்று புதிதாக வாங்குவோர் 6 ஜிபிக்குக் குறைய வேண்டாம் என்பது என் கருத்து. "8 ஜிபி வரை ரேம்" என்று எழுதியிருந்தால் அதில் உண்மையான ரேம் எவ்வளவு என்று கேளுங்கள். சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேமாகக் கணக்குக் காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது, இஎம்எம்சி உள்ள கைபேசியில் அதனால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை ஏற்கும் கைபேசியாகப் பாருங்கள். உள்ளறையில் சிக்னல் குறைவாக இருப்பவர்களுக்கு வைஃபை வழியே அழைக்கும் வசதி, கேமராவின் மெகாபிக்சலைவிடப் பல மடங்கு உதவும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகள் என்பதையும் கேளுங்கள். சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலைக் கைபேசிக்கே ஆறு ஆண்டுகள் உறுதியளிக்கப்பட்டிருக்கிறது.

பேட்டரியில்தான் நெட்வொர்க், வன்பொருள் என்ற இரண்டு தரப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. டவர் தொலைவில் இருந்தால், தன் குரல் அங்கே எட்டுவதற்காகக் கைபேசி அதிக ஆற்றலுடன் அலையை அனுப்புகிறது. அதனால் சூடாகிறது, மின்சேமிப்பு வேகமாகக் கரைகிறது. சிக்னல் -105, -110 என்று இருக்கும் ஊரில் வாழ்பவர்கள், ஒரு படி கீழான புராசஸராக இருந்தாலும் பரவாயில்லை என்று பெரிய பேட்டரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் கைபேசிக்கும், பிறர் பயன்படுத்திய பழைய கைபேசிக்கும் இந்த அலைவரிசைப் பட்டியல் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு அலைவரிசைகள் மாறும். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆம் மாடலிலிருந்து சிம் செருகும் இடமே இல்லை, கைபேசிக்குள்ளேயே பதிந்த இ-சிம் மட்டும்தான். பழைய கைபேசி வாங்கும்போது *#06# என்று அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண்ணை, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்து, அது திருட்டுப் பொருளாக முடக்கப்படவில்லை என்று உறுதி செய்த பின்பே பணம் கொடுங்கள்.

வாங்கியதும் உறை, கண்ணாடித் தாள் ஒட்டுவதற்கு முன் உங்கள் சிம்மைப் போடுங்கள். மாற்றித்தரும் காலம் எத்தனை நாள் என்று ரசீதில் பார்த்துக்கொண்டு, அதற்குள் மூன்று இரவுகள், எட்டு மணிக்கு மேல், முன்பு அளந்த அதே உள்ளறையில் பழைய கைபேசியையும் புதியதையும் அருகருகே வைத்து, ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, டிபிஎம்மையும் வேகத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பத்து நிமிடத்துக்கு வீடியோ அழைப்பில் பேசிப் பாருங்கள். புதியது பழையதைவிடப் பத்து டிபிஎம் மோசமாகக் காட்டுகிறது என்றால், காரணம் தேடிக்கொண்டிராமல், அந்தத் தாளோடும் ரசீதோடும் மறுநாள் காலையிலேயே கடைக்குச் செல்லுங்கள்.