கடலோரச் சுரங்கம்: சூழல் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரையோரக் கடலில் மணலோ கனிமமோ தோண்டும் திட்டங்களுக்குக் கண்காணிப்புத் திட்டம் எழுதும் புதியவர்களின் வரைவுகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்துப் பிழைகள் இன்னும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. கருவியைச் சரிபார்க்காமல் கடலில் இறக்குவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமைதியான மாதங்களில் மட்டும் அளப்பது

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். தோண்டுவதற்கு முன் கடல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் தோண்டியது என்ன செய்தது என்று சொல்ல முடியும். ஆனால் அலை அடங்கிய பருவத்தில் சில வாரம் அளந்துவிட்டு, அதையே 'இயல்பு நிலை' என்று எழுதிவிடுகிறார்கள்.

நான் பார்த்த ஒரு திட்டத்தில், வேலை தொடங்கிய பிறகு காற்று மாறியது. ஆற்று வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து தள்ளியது. கலங்கல் மானி அனுமதித்த எல்லையைத் தாண்டியது. தோண்டியதுதான் காரணம் என்றார்கள் மீனவர்கள். பருவம்தான் காரணம் என்றது நிறுவனம். வழக்கைத் தீர்க்கக்கூடியது முந்தைய ஆண்டின் அதே மாதத்து அளவீடு ஒன்றுதான். அது யாரிடமும் இல்லை, இனி எடுக்கவும் வழியில்லை. கப்பல் சும்மா நிற்க வாடகை ஏறிக்கொண்டே போனது. வெறும் வலையோடு திரும்பியவர்களுக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை, இழப்பை நிரூபிக்கவும் அதே எண்தான் வேண்டும்.

பாதிப்பு எட்டாத இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஒப்பீட்டு நிலையத்திலும் இதே அலட்சியம். ஓதம் வற்றும்போது கலங்கல் போகும் திசையிலேயே அதை வைத்திருந்தார்கள். வரைபடத்தில் தோண்டும் இடத்தின் கோடும் ஒப்பீட்டு நிலையத்தின் கோடும் ஒன்றாக ஏறின. வித்தியாசம் இல்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று காலாண்டு அறிக்கை முடிந்தது!

குறைந்தது ஒரு முழு ஆண்டு அளவிடுங்கள், இரண்டு ஆண்டு என்றால் நல்லது. மாதிரிக்காகத் தோண்டிப் பார்ப்பதற்கும் முன்பே தொடங்குங்கள். ஒரே ஆழம், ஒரே வகை அடிமண், கலங்கல் எட்டாத தூரம் என்று பார்த்து ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பீட்டு நிலையங்கள் வையுங்கள்.

செலவு அதிகம் என்பவர்கள் நியூசிலாந்தின் தெற்கு தரனாக்கி குடாவைப் பாருங்கள். ஆண்டுக்கு 5 கோடி டன் வரை கடலடி மணலைத் தோண்டி இரும்புத் தாது பிரிக்கும் திட்டம் அது. 2014-ல் மறுக்கப்பட்டது, 2017-ல் அனுமதி கிடைத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. கடல் பாலூட்டிகள், கடற்பறவைகள் பற்றிய தகவல் போதவில்லை என்பதும் அங்கே பெரிய பிரச்சினை.

சராசரித் துகளை வைத்துக் கணக்குப் போடுவது

தரனாக்கி திட்டத்தில் தோண்டுவதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கடலுக்கே திரும்ப வேண்டியது. அப்படித் திரும்புவதில் மணல் சீக்கிரம் படிந்துவிடும். தொல்லை நுண்துகளில்தான். 20 மீட்டர் ஆழ அசையாத நீரில் 63 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) துகள் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடி சேரும். 2 மைக்ரான் களிமண் துகள் தனியாக விழுந்தால் மாதக்கணக்கு. உப்புநீரில் அவை ஒட்டித் திரண்டு வேகமாக இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு வேகம் என்பதை அந்த இடத்து நீரிலேயே சோதிக்க வேண்டும். அப்புறம், கப்பலிலிருந்து வழியும் கலங்கிய நீரை மேலே கொட்டாமல் குழாய் வழியாக அடிவரை இறக்குங்கள்.

குழி தானாக மூடிக்கொள்ளும் என்று எழுதுவது

நீரோட்டம் குறைந்த இடத்தில் லேசில் மூடாது. மூடினாலும் பெரும்பாலும் சேறுதான் நிறையும்.

கரையை மறப்பது

இங்கிலாந்தின் ஹால்சேண்ட்ஸ் கிராமத்துக்கு முன்னால் 1897 முதல் கப்பல்துறைக் கட்டுமானத்துக்காகச் சரளை அள்ளினார்கள். கடற்கரை தாழ்ந்தது. எதிர்ப்பு வந்து 1902-ல் நிறுத்தியும் பயனில்லை, 1917-ல் ஒரு புயல் கிராமத்தை வாரிக்கொண்டு போனது. தோண்டும் இடத்தோடு உங்கள் அளவீடு முடிந்துவிடக் கூடாது. கரையின் குறுக்குவெட்டையும் ஆண்டுதோறும் அளவிடுங்கள், வேலை முடிந்த பிறகும்.

மீனவர்களிடம் கடைசியில் போவது

நிலையங்களைக் குறிக்கும் முன்பே போங்கள். எந்த மாதம், எந்த இடத்தில் மீன் முட்டையிடும் என்று அவர்களுக்குத் தெரியும். தோண்டுவதை எப்போது நிறுத்திவைப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.