உறங்க மறுக்கும் பிராசஸர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயக்கோட்டை தக்காளி மண்டிக் கணக்கையோ கிருஷ்ணகிரி மாங்காய்க் கொள்முதலையோ இரவும் பகலும் ஓடும் சிறு லினக்ஸ் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு இது. சும்மா இருக்கும்போது 8 வாட்டில் நிற்க வேண்டிய பெட்டி, பிராசஸர் ஆழ்ந்து உறங்காமல் 16 வாட் இழுத்தால், மாதம் கிட்டத்தட்ட 6 யூனிட் வீண். மின்வெட்டின்போது இன்வெர்ட்டரும் அந்த அளவுக்கு முன்னதாகவே கைவிரிக்கும்.

இன்டெல் என்100 பிராசஸரின் மேல் 6 வாட் என்று போட்டிருப்பதை முழுப் பெட்டியின் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராம், டிஸ்க், நெட்வொர்க், அடாப்டரின் இழப்பு எல்லாம் அதற்கு வெளியே. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் சொல்வதுதான் உண்மைக் கணக்கு.

பெரும்பாலானோர் தடுமாறும் இடம், மின்செலவை ஆராயும் பவர்டாப் நிரலின் 'ஐடில் ஸ்டாட்ஸ்' பக்கம். அங்கே வலப்புறம் இருப்பது லினக்ஸ் கேட்ட உறக்கநிலை (சி-ஸ்டேட்); சி-க்குப் பின்வரும் எண் கூடக்கூட உறக்கம் ஆழம். இடப்புறம் 'பேக்கேஜ்' என்ற தலைப்பில் இருப்பது வன்பொருள் உண்மையில் அடைந்த நிலை. வலப்புறம் சி10 என்று 95 விழுக்காடு காட்டியதும் திருப்தியடைந்து மூடிவிடுகிறார்கள். இடப்புறம் சி2 அல்லது சி3-இலேயே நின்றுகொண்டிருக்கும். கோர்கள் தூங்குகின்றன, சிப் முழுவதும் தூங்கவில்லை என்று பொருள். வீட்டில் ஒருவர் விழித்திருந்தாலும் விளக்கை அணைக்க முடியாதல்லவா, அதே கதைதான்.

அப்படி விழித்திருப்பது பெரும்பாலும் பிசிஐ இணைப்பில் உள்ள ஏதோ ஒரு சாதனம். சும்மா இருக்கும் பிசிஐ இணைப்பை உறங்க வைக்கும் ஏஎஸ்பிஎம் வசதி அதில் முடக்கப்பட்டிருக்கும். டிஸ்க்குகளை இணைக்கும் மலிவான சாட்டா விரிவாக்க அட்டைகளில் சிலவற்றுக்கு அந்த வசதி சரியாக வராது. ரியல்டெக் நெட்வொர்க் சிப்கள் சிலவற்றில் லினக்ஸ் டிரைவரே நிலைத்தன்மைக்காக அதை அணைத்து வைக்கிறது. முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சி-ஸ்டேட், ஏஎஸ்பிஎம் இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு கூடுதல் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பேக்கேஜ் பத்தியைப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும்.

பொறுமையிழந்து, லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளை வரியில் ஏஎஸ்பிஎம்மை 'ஃபோர்ஸ்' (கட்டாயமாக இயக்கு) செய்யாதீர்கள். கணினி உறைந்துபோகலாம் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. சாட்டா இணைப்பின் மின்சேமிப்பு அமைப்பை 'மின் பவர்' (min_power) என்று வைப்பதும் இதே ரகம். சில டிஸ்க்குகளில் தரவே கெட்டிருக்கிறது. 4.15 கெர்னலில் வந்த 'மெட் பவர் வித் டிஐபிஎம்' (med_power_with_dipm) என்ற மிதமான அமைப்பு போதும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. ஜே1900 போன்ற பழைய இன்டெல் பே டிரெயில் சிப்கள் திடீரென உறைந்த காலத்தில், உறக்கத்தின் ஆழத்துக்கு வரம்பு கட்டும் 'மேக்ஸ் சிஸ்டேட்' அளவைக் கெர்னல் வரியில் 1 என்று வைப்பது மருந்தாக இருந்தது. அந்த வரியை இன்றைய என்100 பெட்டியிலும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். ஆழ்ந்த உறக்கத்துக்கு அதுவே பூட்டு. பழைய கட்டமைப்புக் கோப்பைப் புதுப் பெட்டிக்குக் கொண்டுவந்திருந்தால் இதை முதலில் தேடுங்கள்.

பிராசஸரின் 'கவர்னர்' என்ற அமைப்பை 'பவர்சேவ்' என மாற்றினால் தீரும் என்பது தப்புக் கணக்கு. அது வேகத்துக்கானது, உறக்கத்துக்கானது அல்ல. மின்சேமிப்பு அமைப்புகளைத் தானே மாற்றிவிடும் பவர்டாப்பின் 'ஆட்டோ டியூன்' உதவும். ஆனால் யுஎஸ்பி விசைப்பலகையும் பார்கோடு ஸ்கேனரும் அரைத்தூக்கத்துக்குப் போய், பில் போடும் நேரத்தில் முதல் விசையை விழுங்கிவிடலாம். மறுதொடக்கத்தில் அந்த மாற்றங்கள் மறைந்தும் போகும். பலன் தந்ததை மட்டும், ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாக ஓடும் சிஸ்டம்டி சேவையாக எழுதி வையுங்கள். கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் பேக்கேஜ் பத்தியை மறுபடி ஒருமுறை பாருங்கள்.