ஏறும்போது சுமை, இறங்கும்போது வெறும் பை

கிளிமஞ்சாரோ மாதிரி வழிகாட்டியோடு ஏறும் மலைக்குத் தயாராகிறவர்கள், சுமையோடு ஏறிப் பழகப் பையில் செங்கல், மணல் எதுவும் அடைக்க வேண்டாம். இரண்டு லிட்டர் பாட்டில் நான்கில் தண்ணீர் நிரப்பி அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறுங்கள். எட்டு கிலோ ஆச்சு. மேலே போனதும் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாட்டில்களோடு இறங்கலாம். முட்டியைப் பதம் பார்ப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். ஒவ்வொரு அடியிலும் உடம்போடு பைச்சுமையும் அதன்மேல் இறங்கும். பாட்டில்களை முதுகோடு ஒட்டி, நடுவில் துண்டைத் திணித்து வையுங்கள். இல்லாவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவும் களக் களக்தான்.

இது காலுக்கு மட்டுமே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், கிளிமஞ்சாரோ 5,895. அந்த உயரத்துக்கு உடம்பு பழக அங்கேதான் கூடுதல் நாள் வேண்டும். முட்டியில் ஏற்கெனவே வலி இருந்தால் சுமையே வேண்டாம்.