பெரிய பட்ஜெட் கேம்களைக் கவிழ்க்கும் தவறுகள்

2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி வெளியிட்ட 'கான்கார்ட்' என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமின் சர்வர்கள் செப்டம்பர் 6 அன்றே நிறுத்தப்பட்டன. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபர் இறுதியில், அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டூடியோவையும் மூடுவதாக சோனி அறிவித்தது. இத்தனைக்கும் அதில் துப்பாக்கிச் சண்டை நன்றாக இருந்ததென்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். திறமைக் குறைவால் தோற்ற கேம் இல்லை அது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

அதே வகைக் கேமான வாலரன்ட் 2020 முதலே இலவசம். ஓவர்வாட்ச் 2-ம் 2022-ல் இலவசமாகவே வந்தது. அந்த இடத்துக்கு 40 டாலர் விலையோடு வந்து நின்றது கான்கார்ட். இது ஐந்து ஐந்து பேராக மோதும் ஆட்டம். கூட ஆடும் நண்பர்கள் வாங்காவிட்டால் ஒருவர் மட்டும் வாங்கி என்ன செய்வார்?

சரி, விலைதான் காரணமா? அதே சோனி, அதே ஆண்டு, அதே 40 டாலருக்கு விட்ட ஹெல்டைவர்ஸ் 2, 12 வாரங்களில் 1.2 கோடி பிரதிகள் விற்றது. நண்பர்களோடு ஓரணியில் நின்று பூச்சிப் படைகளை எதிர்க்கும் அந்தக் கலகலப்பு வேறெங்கும் சுலபமாகக் கிடைக்கவில்லை. கையிலிருக்கும் கேமை விட்டு இங்கே ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருந்தது. கான்கார்டிடம் இல்லை. பல வருடம் ஒரு கேமைச் செதுக்கும்போது இந்தக் கேள்வியை ஆரம்பத்தில் மட்டும் கேட்டால் போதாது, வருடா வருடம் கேட்க வேண்டும். அதற்குள் சந்தை மாறிவிடுகிறது.

எச்சரிக்கையும் முன்கூட்டியே வந்தது. ஜூலையில் இலவசமாகத் திறந்துவிட்ட பீட்டா என்ற சோதனைப் பதிப்பிலேயே, கணினி கேம்களுக்கான ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 2,400 பேர்கூட சேரவில்லை. அப்போதே ரிலீஸைத் தள்ளிவைத்து, இலவசமாக்குவது பற்றி யோசித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு தவறு, ஸ்டூடியோவின் பலத்தை மறப்பது. பேட்மேன் ஆர்க்கம் வரிசையில் தனியாள் கதையாட்டத்துக்குப் பெயர் வாங்கியது ராக்ஸ்டெடி ஸ்டூடியோ. அவர்களிடமிருந்து 2024 பிப்ரவரியில் வந்த சூசைட் ஸ்குவாட் கேமோ, மாதக்கணக்கில் ஆட்களைத் தக்கவைக்க வேண்டிய ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம். அதனால், அதை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் கணக்கில் எழுதிய நஷ்டம் 20 கோடி டாலர்.

அவசரமும் ஆபத்துதான். 1982 கிறிஸ்துமஸைப் பிடிக்க அட்டாரி நிறுவனம் சுமார் ஐந்து வாரத்தில் முடித்த, 'இ.டி.' திரைப்படத்தை வைத்து வந்த கேமின் விற்காத பிரதிகளில் ஒரு பகுதி, நியூ மெக்ஸிகோவின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது.